பற்றீரியாவின் கத்தரிக்கோல்: மட்டுப்படுத்தும் நொதியங்களும் அவற்றின் பரம்பரையலகுகளை முளைவகையாக்கலும்



பிறப்புரிமைப் பொறியியல் பற்றி எழுதுமாறு கேட்டால் உங்களுள் பெரும்பாலானோர் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: "நொதியங்களைக் கொண்டு டீ.என்.ஏ.யை வெட்டித் தேவையான பரம்பரையலகு பிரித்தெடுக்கப்படும்." இது சரியான வாக்கியமே. ஆனால் அந்நொதியம் எங்கிருந்து கிடைக்கின்றது எனத் தொடர்ந்து கேட்டால், "விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் தயாரித்தனர்" எனப் பலர் எழுதிவிடுகின்றனர். அது தவறு. வெட்டும் நொதியத்தை எந்த விஞ்ஞானியும் தொடக்கத்தில் உருவாக்கவில்லை. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பற்றீரியாக்கள் அதனைத் தமது பாதுகாப்புக்காக ஆக்கி வந்தன.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. டீ.என்.ஏ.யை வெட்டும் நொதியம் ஒரு கலத்தினுள் இருக்குமாயின், அக்கலத்தின் சொந்த டீ.என்.ஏ.யை அது ஏன் வெட்டுவதில்லை? இந்த ஒரு வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். பற்றீரியா எவ்வாறு உயிர் பிழைக்கின்றது என்பதும், இந்நொதியத்துக்குரிய பரம்பரையலகை ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகளுக்கிடையே எவ்வாறு தேடிப் பிடித்தார்கள் என்பதும் இவ்வினாவுக்குரிய விடையிலேயே தங்கியுள்ளன.

உடைந்த சோதனைக்குழாய்

பற்றீரியாக்களையும் வைரசுகள் தாக்குகின்றன. இவ்வைரசுகள் பேஜ் எனப்படும். பேஜ் தனது டீ.என்.ஏ.யைப் பற்றீரியாவினுள் செலுத்தும். பற்றீரியாக் கலத்தைத் தொழிற்சாலையாகப் பயன்படுத்திப் புதிய பேஜ்கள் உருவாகும். இறுதியில் கலம் வெடித்து அவை வெளியேறும்.

1952ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் சல்வடோர் லூரியா என்பவர் இத்தகைய பேஜ் ஒன்றை ஆராய்ந்து வந்தார். அவர் பயன்படுத்திய பற்றீரியா எசரீக்கியா கோலை (ஈ. கோலை) எனும் இனத்தின் ஒரு விகாரி வகை. பேஜ் அதனுட் புகுந்தது, பற்றீரியா இறந்தது. ஆனால் வெளியே வந்த பேஜ்களை வழமையான ஈ. கோலை மீது இட்டபோது அவை பெருகவில்லை. பேஜ்கள் மறைந்துபோயினவா? ஒருநாள் வழமையான பற்றீரியா இருந்த சோதனைக்குழாய் உடைந்துவிட்டது. வேலையை நிறுத்த மனமில்லாத லூரியா, அருகில் இருந்த சக ஆய்வாளர் ஒருவரிடம் சிகெல்லா எனும் வேறொரு பற்றீரியா வளர்ப்பைப் பெற்றுப் பயன்படுத்தினார். அதில் அந்தப் பேஜ்கள் நன்றாகப் பெருகின! பேஜ்கள் மறையவில்லை. குறித்த ஒரு வகைப் பற்றீரியா அவற்றைத் தன்னுள் பெருகவிடாமல் மட்டுப்படுத்தியது. மட்டுப்படுத்தும் நொதியம் என்ற பெயரின் வேர் இதுவே. இந்தப் பரிசோதனையை மறந்துவிடாதீர்கள். இதற்கான முழு விளக்கம் கிடைக்க 30 ஆண்டுகளுக்கு மேல் சென்றது. கட்டுரையின் பிற்பகுதியில் அதற்குத் திரும்புவோம்.

1953இல் பேர்ட்டானி, வைகிள் என்போர் வேறு பேஜ்களில் இதனையொத்த இயல்பைக் கண்டனர். ஈ. கோலையின் "சீ" எனும் குலவகையில் வளர்ந்த லம்டா பேஜ்களை "கே" எனும் குலவகை மீது இட்டால், ஏறத்தாழ 10,000 பேஜ்களுள் இரண்டு மாத்திரமே பெருகின. அவ்விரண்டின் வழித்தோன்றல்களை மீண்டும் "கே" மீது இட்டால் எல்லாமே பெருகின. அவற்றை ஒருமுறை "சீ"யினூடாக வளர்த்தெடுத்தாலோ அந்த ஆற்றல் இழக்கப்பட்டது.

இது விகாரமா? அல்ல. விகாரம் எனின், வாழும் இடத்தை மாற்றிய உடனே எல்லாப் பேஜ்களிலும் ஒருசேர இழக்கப்படாது. பேஜ் கடைசியாக வாழ்ந்த கலம் அதன்மீது ஓர் அடையாளத்தை இடுகின்றது என்றே கருத வேண்டும். 1962இல் சுவிற்சலாந்தின் ஜெனீவாவில் வேர்ணர் ஆபரும் டெய்சி டுசுவாவும் அந்த அடையாளம் பேஜின் டீ.என்.ஏ.யிலேயே உள்ளது எனவும், அடையாளம் இல்லாத டீ.என்.ஏ. கலத்தினுட் புகுந்ததும் சிதைக்கப்படுகின்றது எனவும் காட்டினர்.

இரு நொதியங்கள், ஒரே முகவரி

ஆகவே பற்றீரியாவில் இருப்பது ஒரு நொதியமன்று, ஒரு சோடி நொதியங்கள். முதலாவது, டீ.என்.ஏ.யில் குறித்த ஒரு மூல வரிசையைக் கண்டு வெட்டும் மட்டுப்படுத்தும் நொதியம். இரண்டாவது, அதே வரிசையைக் கண்டு அங்குள்ள ஒரு மூலத்தில் மெதைல் கூட்டமொன்றை இணைக்கும் மாற்றியமைக்கும் நொதியம். மெதைல் கூட்டம் என்பது ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் மட்டுமே. அந்தச் சிறிய கூட்டம் இருந்தால் வெட்டும் நொதியம் அவ்விடத்தை வெட்டாது.

உதாரணமாக ஈக்கோ ஆர் 1 எனும் நொதியத்தை எடுத்துக்கொள்வோம். ("ஈ" எசரீக்கியாவையும், "கோ" கோலையையும், "ஆர்" அது பெறப்பட்ட குலவகையையும் குறிக்கும். 1 என்பது முதலாவதாகக் கண்டறியப்பட்டது என்பதாகும்.) அடினினை ஏ எனவும், தைமினை ரீ எனவும், குவானினை ஜீ எனவும், சைற்றோசினை சீ எனவும் குறித்தால் அது தேடும் வரிசை வருமாறு:

ஜீ ஏ ஏ ரீ ரீ சீ
சீ ரீ ரீ ஏ ஏ ஜீ

மேலிழையை இடமிருந்து வலமாகவும் கீழிழையை வலமிருந்து இடமாகவும் வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றே. ஈக்கோ ஆர் 1 ஒவ்வோர் இழையிலும் ஜீக்கும் அதனை அடுத்துள்ள ஏக்கும் இடையில் வெட்டும். வெட்டுகள் நேருக்கு நேர் அமையாமையால், ஒவ்வொரு துண்டின் நுனியிலும் நான்கு மூலங்கள் சோடியின்றி நீட்டிக்கொண்டிருக்கும். இவை ஒட்டும் நுனிகள் எனப்படும். எந்த உயிரினத்தின் டீ.என்.ஏ.யை இதே நொதியத்தால் வெட்டினாலும் இதே நுனிகள் கிடைப்பதால், ஒன்றை மற்றொன்றுடன் ஒட்டலாம். ஈ. கோலையினுள் மனித இன்சுலினை ஆக்குவதற்கான பரம்பரையலகுகளை 1978இல் பிளாஸ்மிட்டில் இணைத்தபோதும் ஈக்கோ ஆர் 1 பயன்பட்டது.

இதன் சோடியான மாற்றியமைக்கும் நொதியம், அதே வரிசையின் இரண்டாவது ஏயில் மெதைல் கூட்டத்தை இணைக்கும். கலப்பிரிவுக்கு முன் டீ.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இழையொன்றும் புதிய இழையொன்றும் சேர்ந்த மூலக்கூறு உருவாகும் என்பதை அறிவீர்கள். அப்போது பழைய இழையில் மெதைல் கூட்டம் இருக்கும், புதிய இழையில் இராது. ஓர் இழையில் இருப்பதே அவ்வேளை பாதுகாப்பாக அமைகின்றது. மாற்றியமைக்கும் நொதியம் வந்து புதிய இழையிலும் அடையாளத்தை இட்டுவிடும். வெளியிலிருந்து வரும் பேஜ் டீ.என்.ஏ.யில் இரு இழைகளிலுமே அடையாளம் இல்லை. அது வெட்டப்படும். எப்போதாவது வெட்டும் நொதியத்தை முந்திக்கொண்டு மாற்றியமைக்கும் நொதியம் பேஜை அடையாளமிட்டுவிடும். மேலே கூறிய 10,000இல் இரண்டு அவ்வாறு தப்பியவையே.

வெட்டும் இடங்கள் எத்தனை இருக்கலாம்? நான்கு மூலங்களும் சம அளவில், ஒழுங்கற்று அமைந்துள்ளன எனக் கொண்டால், குறித்த ஆறு மூல வரிசையொன்று 4 இன் ஆறாம் அடுக்கான 4096 மூலச் சோடிகளுக்கு ஒருமுறை வரும். ஈ. கோலையின் டீ.என்.ஏ. ஏறத்தாழ 46 இலட்சம் மூலச் சோடிகளைக் கொண்டது. வகுத்துப் பாருங்கள், ஆயிரத்துக்கு மேல் வருகின்றது. அத்தனை இடங்களிலும் அடையாளம் இருந்தாக வேண்டும். ஆனால் இது எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை மாத்திரமே என்பதைக் கவனத்திற் கொள்க. லம்டா பேஜின் டீ.என்.ஏ.யில் 48,502 மூலச் சோடிகள் உள்ளன. கணக்கின்படி ஈக்கோ ஆர் 1 வெட்டும் இடங்கள் 12 அளவில் இருக்க வேண்டும். உண்மையில் இருப்பவை 5.

முதன்முதலில் திட்டமான இடத்தில் வெட்டும் நொதியத்தைத் தூய்மையாக்கி 1970இல் வெளியிட்டவர் ஹமில்டன் சிமித். ஹீமோபிலசு இன்புளுவென்சே எனும் பற்றீரியாவின் சாற்றை டீ.என்.ஏ. கரைசலுடன் கலந்து, கரைசலின் பாகுநிலை குறைகின்றதா என அவரது குழுவினர் அளந்தனர். நீண்ட டீ.என்.ஏ. உள்ள கரைசல் பாகு போன்றது. வெட்டுண்டால் இளகும். பேஜ் டீ.என்.ஏ. கரைசல் இளகியது, அப்பற்றீரியாவின் சொந்த டீ.என்.ஏ. கரைசல் இளகவில்லை. இவ்வளவு எளிய அளவீடு! 1978இல் ஆபர், சிமித், டானியல் நேதன்ஸ் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆபரின் சிறுவயது மகள் தந்தையின் கண்டுபிடிப்பை ஓர் அரசன் கதையாகச் சொன்னாளாம். ஒல்லியான நீண்ட அரசனே டீ.என்.ஏ., குண்டான குள்ளமான பணியாளர்களே நொதியங்கள். கத்தரிக்கோல் பணியாளன் அந்நிய அரசனை மட்டும் வெட்டுவான். பாடத்தை நினைவில் வைக்க விரும்புவோருக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

பரம்பரையலகைத் தேடிப் பிடித்தல்

இந்நொதியங்களை அவற்றுக்குரிய பற்றீரியாக்களிலிருந்தே பெறலாமே, எதற்காகப் பரம்பரையலகை முளைவகையாக்க வேண்டும்? சில பற்றீரியாக்கள் ஒட்சிசன் இல்லாத நிலையிலேயே வளரும், சில மிக மெதுவாக வளரும், சில நோயாக்கிகள். வளர்த்தாலும் நொதியம் சிறிதளவே கிடைக்கும். பரம்பரையலகை ஈ. கோலைக்கு மாற்றிவிட்டால் அதனை எளிதாக, பெருமளவில் வளர்க்கலாம். நொதியத்தின் அமினோ அமில ஒழுங்கையும் அறியலாம்.

செய்முறை இவ்வாறு தொடங்கும். வழங்கும் பற்றீரியாவின் முழு டீ.என்.ஏ.யும் துண்டுகளாக வெட்டப்படும். வெட்டித் திறந்த பிளாஸ்மிட்டுகளுடன் அத்துண்டுகள் லைகேஸ் எனும் ஒட்டும் நொதியத்தால் இணைக்கப்படும். கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் குளிர்த்தி வைத்த ஈ. கோலைக் கலங்களுடன் இப்பிளாஸ்மிட்டுகள் கலக்கப்பட்டு, 42 பாகை செல்சியசில் சிறிது நேரம் வெப்பமூட்டப்படும். சில கலங்கள் பிளாஸ்மிட்டை உள்ளெடுக்கும். பிளாஸ்மிட்டில் நுண்ணுயிர்கொல்லி ஒன்றுக்கு எதிர்ப்பைத் தரும் பரம்பரையலகும் இருப்பதால், அந்நுண்ணுயிர்கொல்லி சேர்த்த ஏகார் ஊடகத்தில் பிளாஸ்மிட்டைப் பெற்ற கலங்கள் மட்டுமே கொலனிகளாக வளரும். இவ்வாறு ஆயிரக்கணக்கான கொலனிகள் கிடைக்கும். நாம் தேடும் பரம்பரையலகு எதில் உள்ளது? கொலனிகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

முதலில் கையாளப்பட்ட வழி பேஜ்களையே பரீட்சகராக்குவது. கொலனிகளை எல்லாம் ஒன்றுசேர்த்து அவற்றின் மீது பேஜ்களை விட வேண்டும். வெட்டும் நொதியம் பெற்ற கலங்கள் பேஜைச் சிதைத்துத் தப்பும், ஏனையவை இறக்கும். சிமித்தின் ஆய்வுகூடத்தில் மான், ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1978இல் ஹீமோபிலசு ஹீமோலைற்றிக்கசு எனும் பற்றீரியாவின் இரு பரம்பரையலகுகளும் இம்முறையால் ஈ. கோலையில் முளைவகையாக்கப்பட்டன. எனினும் இவ்வழியில் ஒரு குறை உண்டு. பேஜ் ஒட்டிக்கொள்ளும் புரதத்தைத் தனது மேற்பரப்பில் இழந்த விகாரிக் கலங்களும் தப்பிவிடும். அவற்றிடம் நாம் தேடுவது எதுவும் இராது.

இரண்டாவது வழி அழகானது. இதில் தேடப்படுவது கத்தரிக்கோலின் பரம்பரையலகு அன்று, அடையாளமிடும் நொதியத்தின் பரம்பரையலகு. சற்றுச் சிந்தியுங்கள். ஒரு பிளாஸ்மிட் மாற்றியமைக்கும் நொதியத்தின் பரம்பரையலகைக் கொண்டுள்ளது எனின், அது இருக்கும் கலத்தில் அந்நொதியம் ஆக்கப்படும். அந்நொதியம் பிளாஸ்மிட்டின் மீதே மெதைல் கூட்டங்களை இணைத்துவிடும். அதாவது, தன்னைக் காக்கும் கவசத்தை அப்பிளாஸ்மிட் தானே அணிந்துகொள்கின்றது. இப்போது எல்லாக் கொலனிகளிலிருந்தும் பிளாஸ்மிட்டுகளை ஒன்றாகப் பிரித்தெடுத்து, சோதனைக்குழாயில் வெட்டும் நொதியத்துடன் சேர்த்தால் என்ன நிகழும்? கவசமற்றவை துண்டுகளாகும். கவசமுள்ளவை முழு வளையமாக எஞ்சும். கலவையை மீண்டும் புதிய ஈ. கோலைக் கலங்களுக்குக் கொடுத்தால் முழு வளையங்களே பெரும்பாலும் உட்சென்று பெருகும். 1980இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் பசிலசு சிபெரிக்கசு பற்றீரியாவின் மாற்றியமைக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகை இவ்வாறு பெற்றனர். பின்னர் மிகப் பல பரம்பரையலகுகள் இம்முறையால் கிடைத்தன. இம்முறை பலிக்க, பிளாஸ்மிட்டில் அந்நொதியம் வெட்டும் வரிசை ஒன்றேனும் இருத்தல் அவசியம். ஏன் என்பதை நீங்களே கூறக்கூடியதாக இருக்கும்.

அடையாளமிடும் நொதியத்தின் பரம்பரையலகு கிடைத்தால் வெட்டும் நொதியத்தின் பரம்பரையலகு எங்கே? பெரும்பாலும் பக்கத்து வீட்டில். இவ்விரண்டும் டீ.என்.ஏ.யில் வழக்கமாக அருகருகே அமைந்திருப்பதால் ஒரே துண்டில் இரண்டும் அகப்படுவதுண்டு. இரண்டும் ஒரே வரிசையைக் கண்டறிவதால் அமைப்பிலும் ஒத்திருக்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். 1981இல் ஈக்கோ ஆர் 1 சோடியின் பரம்பரையலகுகளின் மூல ஒழுங்கு வெளியானது. வெட்டும் நொதியத்தில் 277 அமினோ அமிலங்கள், மாற்றியமைக்கும் நொதியத்தில் 326. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க ஒற்றுமை எதுவும் இல்லை. ஒரே முகவரிக்கு இருவர் வெவ்வேறு வழிகளால் வந்து சேர்கின்றனர்!

தவறிய முயற்சிகள் கற்பித்தவை

இனி முக்கியமான பகுதி. மேற்கூறிய வழிகளில் முயன்றும் சில பரம்பரையலகுகள் கிடைக்கவேயில்லை. காரணம் எளிது. புதிய ஈ. கோலைக் கலத்தினுள் இரு பரம்பரையலகுகளும் ஒன்றாகப் புகும் கணத்தில் அக்கலத்தின் டீ.என்.ஏ.யில் ஓர் அடையாளமும் இல்லை. வெட்டும் நொதியம் முதலில் உருவானால் கலம் தன் டீ.என்.ஏ.யைத் தானே வெட்டி இறக்கும். கொலனி தோன்றாது. தோன்றாத கொலனியைத் தேடிப் பயனில்லை.

ஒட்சிசனின்றி வாழும் டிசல்போவிபிரியோ எனும் பற்றீரியாவின் டி.டி.இ. 1 நொதியத்தில் இத்தகைய சிக்கல் எழுந்தது. 1986இல் அது இரு படிகளில் தீர்க்கப்பட்டது. முதலில் மாற்றியமைக்கும் நொதியத்தின் பரம்பரையலகை மட்டும் ஒரு பிளாஸ்மிட்டில் ஈ. கோலைக்குக் கொடுத்து, அதன் டீ.என்.ஏ. முழுவதும் அடையாளமிடப்பட விட்டனர். அதன் பின்னரே வெட்டும் நொதியத்தின் பரம்பரையலகை வேறொரு பிளாஸ்மிட்டில் உட்செலுத்தினர். முதலில் உறை, பின்னர் கத்தி. இயற்கையிலும் சில பற்றீரியாக்கள் இவ்வாறே செய்கின்றன என்பது 1991இல் தெரிந்தது. அவற்றில் மூன்றாவதாக ஒரு சிறிய பரம்பரையலகு உள்ளது. அதன் புரதம் போதிய அளவு சேரும் வரை வெட்டும் நொதியம் அதிகம் ஆக்கப்படாது. அத்தாமதத்தினுள் அடையாளமிடும் வேலை முடிந்துவிடும்.

வேறு சில முயற்சிகளில் வெட்டும் பரம்பரையலகு இல்லாமல், மாற்றியமைக்கும் நொதியத்தின் பரம்பரையலகு மட்டும் புகுந்தபோதும் கலங்கள் இறந்தன. பாதுகாப்பளிக்கும் நொதியம் கலத்தைக் கொல்வதா? 1986இல் எலிசபெத் ராலேயும் ஜெஃப்ரி வில்சனும் விடையைக் கண்டனர். ஆய்வுகூடங்களில் பயன்படும் ஈ. கோலை "கே 12" குலவகையிடம் வேறொரு வகைக் கத்தரிக்கோல் இருந்தது. அது அடையாளமற்ற டீ.என்.ஏ.யை விட்டுவிட்டு, சைற்றோசினில் மெதைல் கூட்டம் இணைந்த டீ.என்.ஏ.யைத் தேடி வெட்டுவது! நாம் கொடுத்த கவசமே இங்கு குற்றமாகிவிட்டது. அந்நொதியங்களை இழந்த ஈ. கோலை வகைகளைப் பயன்படுத்தியபோது சிக்கல் தீர்ந்தது.

இப்போது லூரியாவின் உடைந்த சோதனைக்குழாய்க்குத் திரும்புவோம். அவர் ஆராய்ந்த பேஜின் டீ.என்.ஏ.யில் சாதாரண சைற்றோசின் இல்லை. அதற்குப் பதிலாக ஐதரொட்சிமெதைல் சைற்றோசின் உள்ளது. வழமையாக அதன்மேல் குளுக்கோசு மூலக்கூறு மூடிபோல் இணைந்திருக்கும். லூரியாவின் விகாரிப் பற்றீரியாவால் அந்தக் குளுக்கோசு மூடியை இட முடியவில்லை. மூடியின்றி வெளிவந்த பேஜ்கள் ஈ. கோலையுட் புகுந்ததும் வெட்டப்பட்டன. சிகெல்லாவில் அந்த வெட்டும் நொதியம் இல்லாமையால் அவை பெருகின. 1952இல் லூரியாவின் பேஜை வெட்டிய நொதியங்களும், 1980களில் முளைவகையாக்கும் முயற்சிகளைக் கெடுத்த நொதியங்களும் ஒன்றே எனப் பின்னர் உறுதியாயிற்று.

சோடியை இழந்தால்

இன்னுமொரு செய்தி. இச்சோடிப் பரம்பரையலகுகளைச் சுமக்கும் பிளாஸ்மிட்டை ஒரு பற்றீரியா தவறவிட்டால், சுமை குறைந்தது என அது நிம்மதியாக வாழ முடியுமா? முடியாது என ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் காட்டினர். ஏற்கெனவே ஆக்கப்பட்ட இரு நொதியங்களும் கலத்தில் எஞ்சியிருக்கும். ஒவ்வொரு கலப்பிரிவிலும் அவை பாதிப்பாதியாகக் குறையும். அடையாளமிடும் நொதியம் எல்லா இடங்களையும் சென்றடைய வேண்டும். வெட்டும் நொதியத்துக்கோ, அடையாளமில்லாத ஓர் இடம் அகப்பட்டாலே போதும். எனவே சில பிரிவுகளின் பின் வழித்தோன்றற் கலங்களின் டீ.என்.ஏ. வெட்டுண்டு அவை இறக்கும். பாதுகாவலனாக வந்தவன் வெளியேற்ற முடியாத குடியிருப்பாளனாகவும் இருக்கின்றான்.

இன்று பற்றீரியாக்களின் முழு மூல ஒழுங்கையும் விரைவாக வாசித்துவிடலாம். மாற்றியமைக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகளில் ஒத்த பகுதிகள் பல இருப்பதால் கணினி அவற்றை இலகுவில் இனங்காணும். வெட்டும் நொதியங்களோ ஒன்றையொன்று ஒத்திராமையால் அவ்வாறு அகப்படுவது அரிது. ஆகவே இப்போதும் முதலில் மாற்றியமைக்கும் நொதியத்தின் பரம்பரையலகைக் கண்டு, பிறகு அதன் பக்கத்து வீட்டில் தேடுகின்றனர்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு பற்றீரியாவில் மாற்றியமைக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு விகாரமடைந்து தொழிற்படாமற் போயிற்று. வெட்டும் நொதியம் வழமைபோல் ஆக்கப்படுகின்றது. அப்பற்றீரியாவுக்கு நிகழ்வது யாது? வெட்டும் நொதியத்தின் பரம்பரையலகு மட்டும் தொழிற்படாமற் போயிருப்பின் விளைவு எவ்வாறு வேறுபடும்?

2. நான்கு மூலங்களைக் கொண்ட வரிசையொன்றை வெட்டும் நொதியம், சராசரியாக எத்தனை மூலச் சோடிகளுக்கு ஒருமுறை வெட்டும் என எதிர்பார்க்கலாம்? (குறிப்பு: 4 இன் நான்காம் அடுக்கைக் காண்க.)

3. லம்டா பேஜின் டீ.என்.ஏ. நேரிய மூலக்கூறாக உள்ளபோது ஈக்கோ ஆர் 1 அதனை 5 இடங்களில் வெட்டுகின்றது. கிடைக்கும் துண்டுகள் எத்தனை? அதே எண்ணிக்கையான வெட்டிடங்களைக் கொண்ட வளைய வடிவப் பிளாஸ்மிட் எனின் எத்தனை துண்டுகள் கிடைக்கும்? (இரண்டுக்கும் ஒரே விடையை எழுதுவோர் பலர். ஒரு நூலையும் ஒரு வளையலையும் வரைந்து வெட்டிப் பார்த்த பின் விடையை எழுதுங்கள்.)